தடுப்புக்கு இரண்டு பக்கமும்

பூசை என்றால் என்ன? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலை நினைக்கிறபோதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. 1872இல் எழுந்த கோயில் அது. பீடம் ஒன்று, அதைப் பார்த்து இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவே தடுப்பு. பீடத்தில் எல்லாருக்கும் ஒரே அப்பம். தரையிலோ கதையே வேறு. சாதியை உள்ளே கொண்டுவந்தது சனங்கள் மட்டுமில்லை, குருமார் ஒப்புக்கொண்ட கட்டட அமைப்பும்தான்.

1910இல் தடுப்பை எடுத்தவரும் ஒரு குருவே: கௌசானல் சாமியார். வேளாளத் தரப்பு 'வழக்கம்' என்று சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

முதல் நூற்றாண்டில் கொரிந்து சபையைப் பவுல் கண்டித்ததும் இதற்காகத்தான். உள்ளவன் முந்தித் தின்ன, இல்லாதவன் பசியோடு நிற்கிற பந்தி ஆண்டவரின் பந்தி ஆகாது என்றார் அவர். ஆக, வழிபாட்டின் அர்த்தத்தைச் செபப் புத்தகத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. யார் எங்கே நிற்கிறான் என்று பார்க்கணும்.

தடுப்பு போய் நூறு வருஷம் தாண்டியாச்சு. தமிழ்நாட்டில் பல ஊர்களின் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் சாதிவாரியாய்த்தான் கிடக்கின்றன. ஒரே அப்பத்தை வாங்கித் தின்றவர்களைத் தனித்தனியாகப் புதைக்கிறோம். பூசை எங்கே முடிந்தது?