பூம்பாறையில் எத்தனை எழுத்து?

பூம்பாறை, கொடைக்கானல் மேல்மலையில் உள்ள ஒரு கிராமம். குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் மலைப்பூண்டுக்கும் பெயர் பெற்றது. இந்தப் பெயரில் எத்தனை எழுத்து? பூ, ம், பா, றை என்று விரல்விட்டு எண்ணி, நான்கு என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் கணினி மொழிகளிடம் கேட்டால் 24, 8, 4 என மூன்று விடைகள் வருகின்றன. இதற்குக் காரணம் வரலாறுதான்.

முதலில் 24. 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி 'சி' மொழியை உருவாக்கியபோது, ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதே கணக்கு. ஆங்கிலத்துக்கு அது போதுமானது. இன்று பரவலாக உள்ள யூ.டி.எஃப்-8 முறையில் (1992) ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். சி மொழியின் 'ஸ்டிர்லென்' பைட்டுகளைத்தான் எண்ணும். எனவே 24. பி.எச்.பி.யின் ஸ்டிர்லென்னும் அப்படியே.

அடுத்து 8. 1991இல் வந்த யூனிகோடு, இந்திய மொழிகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதில் 'பூ' என்பது ஒரே குறியீடு அல்ல. 'ப' ஒன்று, ஊகாரக் குறி ஒன்று. 'ம்' என்பதும் 'ம', புள்ளி என இரண்டு. நான்கு எழுத்துக்கு எட்டுக் குறியீடு. ஜாவா (1995), பைத்தான் 3 (2008) இரண்டும் சொல்வது இந்த எட்டைத்தான்.

கடைசியாக 4. ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி, மெய்யையும் அதன் குறியையும் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்-16 முறையில், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடமே உண்டு. அதிலும் விடை நான்குதான். ஆனால் அந்த முறை உலக வழக்கிற்கு வரவில்லை.

எண்ணிக்கை மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று தோன்றலாம். பெயரைத் திருப்பி எழுதச் சொன்னால் ஸ்விஃப்ட் 'றைபாம்பூ' என்று சரியாகத் தரும். பைத்தானில் வழக்கமான முறையில் திருப்பினால், ஐகாரக் குறி முன்னால் அநாதையாக நிற்க, பின்னால் 'றாப்மூப' என்று வரும். குறிகளெல்லாம் தம் மெய்யை விட்டு அடுத்த மெய்யில் ஒட்டிக்கொள்கின்றன.

இது விளையாட்டு. கடை பில்லில் வந்தால் விளையாட்டு அல்ல. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. 'மலைப்பூண்டு' என்பது ஆறெழுத்து, குறியீடோ பதினொன்று. சரக்கின் பெயருக்குப் பத்து இடம் ஒதுக்கிய மென்பொருள் குறியீட்டை எண்ணி வெட்டினால், பில்லில் 'மலைப்பூண்ட' என்றுதான் அச்சாகும். குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அந்த எழுபதிலும் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கு ஓர் இடம். ஒரே செலவில் தமிழில் சொல்ல முடிவது பாதிக்கும் குறைவு.

எந்த மொழியும் தப்பாக எண்ணவில்லை. ஒன்று பைட்டை எண்ணுகிறது, ஒன்று குறியீட்டை, மற்றொன்று எழுத்தை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று தமிழ் இலக்கணம் எப்போதோ வகுத்துவிட்டது. ஒரு மென்பொருளில் 'நீளம்' என்று எழுதுமுன், எதன் நீளம் என்று கேட்டுக்கொண்டால் மலைப்பூண்டு தன் உகரத்தை இழக்காது.