ஒரு காலோடு 200 கிலோமீற்றர்: நெடுந்தூர சைக்கிள் ஓட்ட விதிகள்

செயற்கைக் காலோடு தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர், கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டி, "இதில எங்களை எந்தப் பிரிவில சேர்ப்பினம்?" என்று கேட்டார். பதில் தேடப்போய்த்தான் இந்த விதிகளை வாசித்தேன்.

காணொளியில் இருந்தது பரிஸ்–பிறெஸ்ற்–பரிஸ், சுமார் 1200 கிலோமீற்றர் ஓட்டம். 1891இல் பந்தயமாகத் தொடங்கியபோது சார்ள்ஸ் தெரோன் 71 மணித்தியாலம் 22 நிமிடத்தில் வென்றார். தொழில்முறை வீரர்களின் கடைசிப் பந்தயம் 1951இல் நடந்தது. இப்போது நான்கு ஆண்டுக்கொரு முறை நடப்பது 'பிறெவே' வகை ஓட்டம். இதில் முதலாமிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் முடித்தவர்களே.

நேரம்தான் கண்டிப்பு. 200 கிலோமீற்றருக்கு 13 மணித்தியாலம் 30 நிமிடம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணித்தியாலம். இந்த நான்கையும் ஒரே ஆண்டில் முடித்தவரே பரிஸ் ஓட்டத்துக்குத் தகுதி பெறுவார். அங்கே உச்ச வரம்பு 90 மணித்தியாலம். வழியிலுள்ள சோதனை நிலையங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். நிலையங்களுக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு.

பின்னால் உதவி வாகனம் வரக்கூடாது. சொந்த ஆட்கள் உதவுவதென்றால் சோதனை நிலையத்தில் மட்டும். இடையில் ரியூப் ஓட்டையானால் நீங்களே ஒட்ட வேண்டும். பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிளோடு வளர்ந்த எங்களுக்கு அது பெரிய விசயமில்லை. இரவில் முன்பின் விளக்கும் ஒளி தெறிக்கும் மேலங்கியும் கட்டாயம். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 'ராம்' வேறு வகை: அது பந்தயம், உதவிக் குழு வாகனத்தோடே வரும், வயது வாரியாகவும் அணி வாரியாகவும் பிரிவுகள் உண்டு.

நண்பரின் கேள்விக்கு வருவோம். சர்வதேச மாற்றுத்திறனாளர் சைக்கிள் பந்தயங்களில் C, H, T, B என்று பிரிவுகள் உள்ளன: சாதாரண சைக்கிள், கையால் மிதிப்பது, மூன்று சில்லு, பார்வையற்றோருக்கான இருவர் சைக்கிள். பிறெவேயில் அந்தப் பிரிப்பு இல்லை. உடல் வலுவால் மட்டும் ஓடும் எந்த வண்டியும் வரலாம், மோட்டார் கூடாது. ஆனால் நேரச் சலுகையும் இல்லை.

இதைச் சொன்னதும் அவர் கணக்குப் போட்டார். 200ஐ முடிக்க மணித்தியாலத்துக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில் ஓட வேண்டும்.

"சாப்பாட்டு நேரமும் அதுக்குள்ளயோ?"

"ஓம், அதுக்குள்ளதான்."

"அப்ப முதல்ல நூறு ஓடிப் பாப்பம்" என்றார்.