கறுத்த காசும் கடலடி மூட்டையும்

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் 1892ஆம் ஆண்டின் ஐம்பது சத வெள்ளிக் காசு ஒன்று கிடந்தது. ஒரு புறம் விக்ரோறியா மகாராணியார். மறு புறம் பனைக் குடும்பத்து மரமொன்று. நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி கொண்ட அக்காசு கருநீலமும் தவிட்டு நிறமுமாகக் கறுத்திருந்தது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஆச்சி காணாத வேளையில் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் தும்பினால் தேய்த்தேன். காசு பளபளத்தது. பெருமையுடன் நீட்டினேன். ஆச்சி ஏசவில்லை. "முகத்தை அழிச்சுப்போட்டியே, ராசா" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் பொருள், பல்லாண்டுகளின் பின் உருப்பெருக்குக் கண்ணாடியால் அக்காசைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. இரும்பின் துருவைப் போல வெள்ளியின் கறுப்பு உலோகத்தை உதிரச் செய்வதில்லை. காற்றிலுள்ள கந்தக வாயு மேற்பரப்பு வெள்ளியுடன் சேர்ந்து மெல்லிய படலமாகிறது. முதலில் பொன்மஞ்சள், பின்னர் செந்நிறம், நீலம், இறுதியில் கறுப்பு. அப்படலத்தில் இருப்பதும் காசின் சொந்த வெள்ளியே. அதைத் தேய்த்தெடுப்பவர் காசையே தேய்த்தெடுக்கிறார். கடைகளில் விற்கும் அமிலக் கரைசல்களும், கீறல் விழாமல், அதே வேலையைத்தான் செய்கின்றன. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நகர்ந்தபோது ஏற்பட்ட நுண்வரிகளே புதுக் காசின் ஒளிக்குக் காரணம். அவை கரைந்தபின் எஞ்சுவது உயிரற்ற வெண்மை. பழகிய சேகரிப்பாளர் அதைக் கண்டவுடனேயே காசைத் திருப்பித் தந்துவிடுவார்.

வீட்டில் ஒரு காசுக்கு நேர்ந்தது இது. ஒரு மூட்டைக் காசு கிடைத்தால் என்ன செய்வது? நம் நாட்டிலேயே அக்கேள்வி எழுந்தது.

1961ஆம் ஆண்டு, கிரிந்தைக்கு அப்பால், 1873 முதல் வெளிச்சவீடு நிற்கும் கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், மைக் வில்சனும் இரு அமெரிக்கச் சிறுவர்களும் நீரடிப் படப்பிடிப்புக்காகச் சுழியோடினர். அங்கே பீரங்கிகளையும் வெள்ளிக் காசுகளையும் கண்டனர். வில்சனின் நண்பர் ஆர்தர் சி. கிளார்க் 1964இல் இக்கதையை நூலாக்கினார். காசுகள் அவுரங்கசீப்பின் ரூபாய்கள். சூரத் நாணயசாலையில் ஹிஜ்ரி 1113இல், அதாவது கி.பி. 1702ஐ ஒட்டி, அச்சானவை. வெள்ளிக் காசைப் பூரணச் சந்திரனுக்கு ஒப்பிடும் பாரசீக வாசகம் அக்காலக் காசுகளில் உண்டு. கடலடியில் கிடந்தவையோ அமாவாசையாகக் கறுத்திருந்தன!

சில காசுகள் உதிரியாகக் கிடைத்தன. ஏனையவை ஏறத்தாழ ஆயிரம் ஆயிரமாக ஒட்டிக் கட்டிகளாயிருந்தன. சாக்கு உக்கிப் போயிருந்தும் வெள்ளி மூட்டையின் வடிவத்தை விடவில்லை. வெளிப்புறக் காசுகளைக் கடல் அரித்திருந்தது. அவற்றின் அரிப்பே கவசமாகி, உள்ளே இருந்தவை புத்தம் புதிதாகத் தப்பியிருந்தன.

ஒன்றையும் உடைக்கக்கூடாது என்று வாதிட என்னால் இயலாது. சில காசுகளைப் பிரித்துத் துப்புரவாக்கியதால்தான் ஆண்டும் நாணயசாலையும் தெரியவந்தன. கப்பலின் பெயர் எந்தக் காசிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் எல்லாக் கட்டிகளையும் உடைத்து ஒவ்வொன்றையும் மினுக்கியிருந்தால் நமக்குக் கிடைப்பவை சில ஆயிரம் அழகான ரூபாய்கள், அவ்வளவே. மூட்டைக்கு ஆயிரம் என்று எண்ணிக் கட்டி, கைபடாத புதுக்காசாகவே கப்பலேற்றினார்கள் என்ற செய்தி எந்த ரூபாயிலும் பொறிக்கப்படவில்லை. அது அந்தக் கறுத்த கட்டியில் மட்டுமே இருந்தது.

அழுக்கு வேறு, கறுப்பு வேறு என்பதையும் சொல்லவேண்டும். பி.வி.சி. உறைகளில் வைத்த காசுகளில் பிசுபிசுப்பான பச்சைப் படிவு உண்டாகும். அது உலோகத்தைத் தின்னும். தூய அசற்றோனில் ஊறவைத்து நீக்கத்தான் வேண்டும். (நெருப்புக்கு அருகில் வேண்டாம்.) மண்ணைக் காய்ச்சி வடித்த நீர் இளக்கும். அதற்குமேல் என் கை போவதில்லை.

ஆச்சியின் காசு இப்போது என் மேசையில் இருக்கிறது. விளிம்பிலிருந்து உள்நோக்கி மீண்டும் மெல்லக் கறுத்து வருகிறது. மகாராணியாரின் கூந்தலில் தும்பின் கீறல்கள் அப்படியே தெரிகின்றன.