அந்தமான் ஆக்கிரமிப்பு (1942-1945): சொல்லும் நிகழ்வும்

அயற்படை ஒன்று தீவுகளைக் கைப்பற்றி ஆள்வதாகக் கற்பிப்பது மாற்று வரலாற்றுப் புனைவில் பழகிய பொருளாகும். 'நிகழ்ந்திருந்தால்' என்னும் நிபந்தனை எச்சத்தை இப்புனைவு 'நிகழ்ந்தது' என்னும் வினைமுற்றாக மாற்றிக்கொள்கிறது. அந்தமான் தீவுகளைப் பொறுத்தவரை, இம்மாற்றத்தைப் போர்க்கால அரசியல் அறிவிப்புகளே செய்துள்ளன எனலாம்.

1942 மார்ச் 23இல் ஜப்பானியப் படை போர்ட் பிளேயரைக் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கைப்பற்றியது. தீவுகளைத் தற்காலிகச் சுதந்திர இந்திய அரசிடம் ஒப்படைப்பதாக 1943 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் தோஜோ அறிவித்தார். டிசம்பர் 30இல் சுபாஷ் சந்திர போஸ் அங்கே மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு 'ஷஹீத்' என்றும் நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்றும் பெயர்கள் வழங்கலாயின. அறிவிப்பின்படி ஆட்சி 'கைமாறியது'. ஆயினும், தலைமை ஆணையராகச் சென்ற தமிழர் ஏ. டி. லோகநாதனின் பொறுப்பில் கல்வித்துறையே குறிப்பிடத்தக்கதாக அமைந்தது. காவல்துறை ஜப்பானியரிடமே இருந்தது.

இவ்வேறுபாடு உயிர்களைப் பற்றியதாகும். மருத்துவர் திவான் சிங் சித்திரவதைக்குப்பின் 1944 ஜனவரி 14இல் இறந்தார். ஜனவரி 30இல் ஹம்ஃப்ரிகஞ்சில் இந்தியர் 44 பேர், ஆங்கிலேயரின் ஒற்றர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொடியேறி ஒரு திங்களே ஆகியிருந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்து வக்கம் ஊரினரான அப்துல் காதர் வரலாறு இதன் மறுபக்கமாகும். இந்திய விடுதலைக்காகப் பினாங்கிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் 1942இல் மலபார்க் கரைக்கு வந்த அவர், எதிரியின் கையாள் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1943 செப்டம்பர் 10இல் சென்னைச் சிறையில் ஆங்கில அரசால் தூக்கிலிடப்பட்டார். பின்னாளில் 'தியாகி' எனப் போற்றப்பட்டார். 'ஷஹீத்' என்பதற்கும் அதுவே பொருள். ஹம்ஃப்ரிகஞ்சில் மாண்டோருக்கும் அப்பொருள் உரியதாயினும், அவர்கள் இறந்தது அப்பெயர் சூட்டப்பெற்ற மண்ணில், அதைச் சூட்டியோரின் கூட்டாளிகள் கையிலாகும்.

2018இல் நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டன. தீவுக்கூட்டங்களைக் குறித்த சொற்கள் தனித்தீவுகளைக் குறிக்கலாயின. ஆகவே, இக்கால ஆவணங்களை மொழிபெயர்ப்போர் பெயர் எத்தீவைச் சுட்டுகிறது என்பதை ஆண்டு நோக்கித் தெளிதல் வேண்டும். 'ஒற்றர்' என்பதை 'எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்னும் சேர்க்கையின்றி எழுதலாகாது. 'கைமாறியது' என்று ஆவணம் கூறுமிடத்து, 'கைமாறியதாக அறிவிக்கப்பட்டது' என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும் தொடராகும்.