அரண் என்றால் மதில் மட்டும்தானா?



"பாதுகாப்பு அரண்" என்று செய்திகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அரண் என்றாலே பாதுகாப்புதான். மதில், கோட்டை, அகழி, காவற்காடு எல்லாவற்றுக்கும் பொதுவாக நம் முன்னோர் வைத்த பெயர் அது. மதிலை மட்டும் சொல்ல எயில், இஞ்சி, புரிசை எனத் தனிச் சொற்கள் இருந்தன. வீரர்கள் மறைந்து நின்று அம்பு எய்ய, மதில் உச்சியில் அமைந்த உறுப்புக்கு ஞாயில் என்று பெயர்.

புறநானூற்றின் 21ஆம் பாடலில் ஐயூர் மூலங்கிழார் ஒரு கோட்டையைக் காட்டுகிறார். இன்றைய காளையார்கோவில்தான் அந்தக் கானப்பேரெயில். ஆழமான அகழி, வானளாவிய மதில், விண்மீன்கள் போன்ற ஞாயில்கள், வெயில் நுழையாத காவற்காடு. இத்தனை இருந்தும் அது வீழ்ந்தது. அதை வென்ற பாண்டியனுக்குக் "கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி" என்றே பெயர் நிலைத்தது.

கோட்டைப் போருக்குப் பூக்களும் உண்டு. மதிலை வளைப்பவர் உழிஞை சூடுவர். உள்ளிருந்து காப்பவர் நொச்சி சூடுவர். சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோமே, அதே நொச்சிதான்!

திருக்குறளில் 75ஆம் அதிகாரத்தின் பெயரே அரண். நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அரண் என்கிறார் வள்ளுவர். காக்க வேண்டிய வாயில் சிறிதாகவும், உள்ளிடம் பெரிதாகவும் இருக்க வேண்டுமாம். நம் வளாகத்து கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உணவு இருப்பு வேண்டும், வேண்டிய நேரத்தில் உதவும் நல்ல ஆட்களும் வேண்டும் என்கிறார். கடைசிக் குறளில், எவ்வளவு சிறந்த அரணாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்களிடம் செயல்திறன் இல்லாவிட்டால் அது அரணே அல்ல என்று முடிக்கிறார். வேறோர் இடத்தில் அறிவையே பகைவரால் அழிக்க முடியாத அரண் என்கிறார். கல்லால் கட்டியதைக் குறித்த சொல் மனிதருக்குள் இருப்பதையும் குறிக்கத் தொடங்கிவிட்டது, பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல குடியிருப்புகளில் காம்பவுண்டு சுவர் தண்ணீரைத் தடுக்கவில்லை. தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு மாடிவீட்டார் கதவைத் திறந்துவிட்டார்கள். அன்று அரணாக நின்றது அவர்கள்தான்.

சுவரும் கேமராவும் காவலரும் நமக்குத் தேவைதான். ஆனால் நள்ளிரவில் அவசரம் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? அந்த வீட்டாரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்றால், உங்கள் அரண் உறுதியாக இருக்கிறது. தெரியாவிட்டால், இந்த வாரமே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.