9000 ரூபாய்க் கோடு

சென்ற பருவத்தில் அரசுத் துறையொன்றின் இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஒரு மாணவர் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'பிசினஸ்' என்று எழுதியிருந்தார். அவருடைய தந்தை சேலையூரில் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக் கொடுப்பவர். திருத்தச் சொல்ல மனம் வரவில்லை. அச்சொல்லில் பொய்யும் இல்லை.

அந்தக் கட்டத்தில் எழுதப்படும் சொல்லை வைத்தே வாய்ப்பைத் தீர்மானிப்பது என்று பிரிட்டன் அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 முதல் அந்நாட்டுக் குடிமைப்பணியின் கோடைப் பயிற்சியில், ஏறத்தாழ 200 இடங்கள், எளிய பின்னணி கொண்ட கல்லூரி மாணவர்க்கு மட்டுமே. விண்ணப்பிப்பவருக்கு 14 வயதாக இருந்தபோது பெற்றோர் என்ன வேலை செய்தார்கள் என்பதே அளவுகோல். மின்பணியாளர், வேன் ஓட்டுநர், இறைச்சிக் கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகள் வரலாம். தகுதிக்கு முன்னால் தந்தையின் தொழிலைக் கேட்பதா என்று அங்கே சிலர் கொதித்தார்கள். நமக்கு அது புதிய கேள்வி அன்று. பிறப்பு, வருமானம், தொழில் ஆகியவற்றில் எதை அளப்பது என்ற வழக்கில் தமிழகம் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

1969இல் கருணாநிதி அரசு அமைத்த பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்துக்கு ஏ.என். சட்டநாதன் தலைவர். வறிய குடும்பத்தில் பிறந்து, சுங்கத் துறையில் உயர் பதவிக்கு வந்தவர். தாம் ஏறிவந்த படிகளை அவர் மறக்கவில்லை என்பதை, மறைவுக்குப் பின் வெளிவந்த அவருடைய ஆங்கிலத் தன்வரலாற்றைப் படித்தவர் அறிவர். 1970இல் அளித்த அறிக்கையில் பிற்படுத்தப்பட்டோரின் பங்கை உயர்த்தச் சொன்ன அவரே, அவர்களுள் வசதி பெற்றுவிட்டவர்களை விலக்கவும் சொன்னார். சம்பளக்காரர், நிலவுடைமையாளர், வணிகர் எனத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அரசு முதற்பகுதியை ஏற்று 25 விழுக்காட்டை 31 ஆக்கியது. மற்றதை அப்படியே வைத்துவிட்டது.

அதைக் கையில் எடுத்தவர் எம்.ஜி.ஆர். 1979 ஜூலையில் வந்த ஆணைப்படி, ஆண்டு வருமானம் 9000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பத்தினருக்குப் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு கிடையாது. மாதத்துக்கு 750 ரூபாய். ஏழைக்குப் போகட்டும் என்ற நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அளவுகோலில்தான் கோளாறு. அன்றைய தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கங்களை எண்ணிப் பாருங்கள். ரயில்வே ஊழியர், வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிலாளி, பள்ளி ஆசிரியை என எல்லோருக்கும் சம்பளச் சீட்டு உண்டு. இருவர் சம்பளம் வாங்கும் வீடு கோட்டைத் தாண்டிவிடக்கூடும். நிலமும் கடையும் உள்ளவரின் வருமானமோ அவர் சொல்வதுதான். முதன்முதலாக மாதச் சம்பளம் கண்ட தலைமுறையை அந்த ஆணை 'வசதியானவர்' ஆக்கியது.

திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கடுமையாக எதிர்த்தன. அரசமைப்புச் சட்டம் சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கியவர் என்றுதான் சொல்கிறது, பொருளாதாரம் என்ற சொல்லே அதில் இல்லை என்பது அவர்கள் வாதம். செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பையடுத்து 1951இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. 39 தொகுதிகளில் இரண்டே இரண்டில் வென்றது. தோல்விக்கு இந்திரா அலை, கூட்டணிக் கணக்கு எனப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் எம்.ஜி.ஆர். அதைப் படித்த விதம் தெளிவு: அதே மாத இறுதிக்குள் வருமான வரம்பைக் கைவிடுவதாகவும், ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 ஆக உயர்த்துவதாகவும் அறிவித்தார். அன்று முதல் எந்த முதலமைச்சரும் அந்தக் கோட்டைத் தொடவில்லை.

மத்திய அரசு வேறு வழியில் போயிற்று. இந்திரா சாஹ்னி வழக்கின் 1992 தீர்ப்புக்குப் பின் வந்த 'கிரீமி லேயர்' விதியில், பெற்றோர் வகிக்கும் பதவி முதலில் பார்க்கப்படுகிறது. வருமானத் தேர்வில் சம்பளமும் வேளாண் வருவாயும் சேர்வதில்லை. 1979இல் சம்பளக்காரன் பட்ட அடியை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள் போலும்.

தமிழகம் பிற்பாடு கண்ட அளவுகோல்களில் நமக்கு உடன்பாடானது முதல் பட்டதாரி என்பது. தொழிற்கல்லூரிகளில் ஒற்றைச் சாளர முறையில் சேர்வோருக்கு 2010இல் கல்விக் கட்டணச் சலுகையாகத் தொடங்கி, 2021இல் வேலைவாய்ப்பகம் வழியான அரசுப் பணி நியமன முன்னுரிமை வரை வந்திருக்கிறது. பணத்தை ஒளிக்கலாம், பாட்டன் படிக்காததை ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒருவர்தான் முதல் பட்டதாரி. அக்காள் பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு அந்தச் சான்று இல்லை, வீட்டில் வேறெதுவும் மாறாவிட்டாலும்.

நம் மாணவருக்கும் அப்படி ஓர் அக்காள் இருக்கிறார். பெருங்களத்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். விண்ணப்பத்தில் முதல் பட்டதாரியா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று தெளிவாக எழுதியிருந்தார் தம்பி. தாயின் தொழில் என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு இழுத்திருந்தார். அந்த அம்மா கேம்ப் ரோட்டில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார்.