நதியின் அங்கத்தினர்

ஒரு நதி கெடும்போது அதற்காக முறையிட வேண்டியவர் யார்? நிலம் பறிபோனால் நிலத்துக்கு உடையவர் இருக்கிறார்; வீடு இடிந்தால் அதில் குடியிருப்பவர் இருக்கிறார். ஓடுகின்ற நீருக்கு உடையவர் இவர் என்று எவரையும் சுட்டிக் காட்ட இயலாது. எல்லோருக்கும் பொதுவானது என்ற காரணத்தாலேயே அது எவராலும் காக்கப்படாமற் போவதுண்டு. இக்குறையை நீக்க, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் கண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. ஆற்றங்கரையில் வாழ்வோர் ஒரு சங்கமாகக் கூடி, ஆண்டுதோறும் சிறு சந்தா செலுத்தி, அந்நதியின் காவலை மேற்கொள்வதே அவ்வழி. இச்சந்தாவைத் தருமத்துக்கு இடும் காசாகவே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். அதன் வரலாற்றை நோக்கினால், காசினும் பெரிய ஒன்றை அது தந்திருப்பது விளங்கும். அவ்வரலாற்றின் செழுமையான பகுதி அமெரிக்காவில் ஹட்ஸன் நதிக்கரையில் நிகழ்ந்தது.

ஹட்ஸன் நதி நியூயார்க் மாநிலத்தின் வடபாலுள்ள அடிரான்டாக் மலைகளில் பிறந்து, சுமார் 500 கிலோமீட்டர் தெற்கு நோக்கி ஓடி, நியூயார்க் மாநகரத்தை அடுத்துக் கடலைச் சேர்கிறது. இதன் கீழ்ப்பகுதி ஒரு விந்தை. கடலின் ஓதம் ஆற்றினுள் சுமார் 240 கிலோமீட்டர் தூரம் ஏறி வருவதால், நீர் ஒருபொழுது தெற்கேயும் மறுபொழுது வடக்கேயும் செல்லும். ஆதிகுடிகள் இதற்கு இட்ட பெயரும் ‘இருதிசை ஓடும் நீர்’ என்னும் பொருளுடையதே. கடலில் வாழும் ஷாட், ஸ்டர்ஜன், வரிப் பாஸ் முதலிய மீன்கள் முட்டையிடுவதற்காக இந்நன்னீரை நாடி வருவன. அம்மீன்களைப் பிடித்துப் பல தலைமுறைகளாகக் குடும்பங்கள் பிழைத்து வந்தன. ஆனால் 1960-ஆம் ஆண்டளவில் கரையோர நகரங்களின் சாக்கடையும், ஆலைகளின் கழிவும், ரயில் பணிமனையின் எண்ணெயும் இந்நதியில் கலந்து வந்தன.

1962-இல் கான் எடிசன் என்னும் மின்சாரக் கம்பெனி, மாநகரத்துக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டார்ம் கிங் என்ற மலையில் பெரியதொரு மின்நிலையம் அமைக்கத் திட்டம் வெளியிட்டது. ஆற்றுநீரை இரவில் மலைமேலுள்ள தேக்கத்துக்கு ஏற்றி, மின்தேவை மிகும் நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் நோக்கம். இதனால் மலையின் எழில் குலையும் என்றும், ஏற்றப்படும் நீரோடு மீன்குஞ்சுகளும் இழுபட்டு மடியும் என்றும் அச்சம் எழுந்தது. 1963-இல் சிலர் கூடி ‘ஸீனிக் ஹட்ஸன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினர். 1965 மார்ச்சு மாதத்தில் ஃபெடரல் மின்சக்திக் கமிஷன் கம்பெனிக்கு அனுமதி வழங்கியபோது, சங்கம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அணுகியது. அங்கே எழுந்த கேள்விகளுள் ஒன்று நதியைப் பற்றியதன்று, சங்கத்தைப் பற்றியது. இதனால் இவர்களுக்கு நேர்ந்த பண நஷ்டம் என்ன? நஷ்டம் அடையாதவர்கள் வழக்காட யார்?

அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இயற்கை எழில், உயிரினப் பாதுகாப்பு ஆகியவற்றில் தம் செயலாலும் நடத்தையாலும் தனி அக்கறை காட்டி வந்தோரும் வழக்காடும் தகுதியுடையோரே என்று நீதிமன்றம் கூறியது. கமிஷனின் அனுமதியை நீக்கி, திட்டத்தை மறுபடி ஆராயுமாறும் பணித்தது. செயலும் நடத்தையும் என்ற சொற்களை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அக்கறை என்பது மனத்தளவில் இருந்தாற் போதாது. கூடிய கூட்டமும், எழுதி வைத்த குறிப்பும், கட்டிய சந்தாவும் அல்லவோ அதற்குச் சாட்சியாக நிற்பவை?

மறு ஆண்டில், அதாவது 1966-இல், வலைஞரும் தூண்டிற்காரரும் சேர்ந்து ஹட்ஸன் நதி மீனவர் சங்கத்தை நிறுவினர். இதில் முன்னின்றவர் ராபர்ட் பாயில் என்ற விளையாட்டுப் பத்திரிகை எழுத்தாளர். முதல் தலைவராக அமர்ந்த ரிச்சி காரட் இடுகாட்டில் குழி வெட்டும் தொழிலாளி. இவர்கள் கையில் அகப்பட்ட கருவி 1899-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று. கப்பல் செல்லும் நீர்நிலைகளில் கழிவைக் கொட்டுதல் குற்றம் என்றும், விதிக்கப்படும் தண்டத்தில் பாதியைத் துப்புக் கொடுத்தவர்க்கு அளிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. பல ஆண்டுகளாக எவரும் தொடாதிருந்த அவ்விதியைச் சங்கத்தார் கையிலெடுத்தனர். குரோட்டன் என்ற ஊரிலுள்ள ரயில் பணிமனையிலிருந்து ஆற்றில் எண்ணெய் விட்டு வந்த பென் சென்ட்ரல் ரயில்வேயின் குழாயைக் காட்டிக் கொடுத்து, தண்டத்தில் தம் பங்காக 2,000 டாலர் பெற்றனர். நதியைக் கெடுத்தவர் பணம் நதியின் காவலுக்கே வந்து சேர்ந்தது.

அதே 1966-இல் தோன்றிய மற்றொரு சங்கம் வேறு வழியில் மக்களை ஈர்த்தது. நாட்டுப்பாடகர் பீட் ஸீகர், முற்காலத்தில் ஹட்ஸனில் ஓடிய பாய்க்கப்பல்களைப் போன்ற ஒன்றைக் கட்டி நதியில் மிதக்கவிட வேண்டுமென எண்ணினார். மேடைதோறும் பாடித் திரட்டிய நிதியும், அன்பர்கள் அளித்த நன்கொடையும் கொண்டு, 106 அடி நீளமுள்ள அக்கப்பல் மெய்ன் மாநிலத்தில் கட்டப்பட்டு 1969 மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்டது. அதன் பெயர் ‘கிளியர்வாட்டர்’; தமிழில் தெளிநீர் எனலாம். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்று, வலை வீசி மீனைக் காட்டி, நீரைச் சோதித்துக் காட்டுவது அதன் பணியாயிற்று. நாற்றத்துக்கு அஞ்சி முகம் திருப்பிய நதியை மக்கள் மீண்டும் கண்ணாற் கண்டனர். காணாத ஒன்றைக் காக்க எவரும் முன்வரார் என்பதை ஸீகர் நன்கு அறிந்திருந்தார்.

1972-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஏப்ரலில், கலிபோர்னியாவின் மினரல் கிங் பள்ளத்தாக்கில் அமையவிருந்த பனிச்சறுக்கு விடுதியை எதிர்த்து ஸியரா கிளப் என்ற பெரும் சங்கம் தொடுத்த வழக்கில், அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்துக்குப் பொதுவான அக்கறை இருந்தால் மட்டும் போதாது. சங்கமோ அதன் அங்கத்தினரோ நேரே பாதிக்கப்படுவதாக எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு அக்டோபரில், ஜனாதிபதி நிக்ஸனின் மறுப்பையும் மீறி, தூயநீர்ச் சட்டம் நிறைவேறியது. நீரைக் கெடுப்போர்மீது குடிமக்களே வழக்குத் தொடரலாம் என்று அச்சட்டம் வகை செய்தது. ஒரு கை கதவைத் திறந்தது. மற்றொரு கை, உள்ளே வருவோர் யார் என்று வாயிலில் கேட்டது. விடை சொல்லத் தக்கவர் அந்த ஆற்றில் குளித்தவரும், மீன் பிடித்தவரும், கரையில் நடந்தவருமே. அத்தகையோர் பெயர் சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலில் இருந்தாலன்றிச் சங்கத்துக்கு வாய் இல்லை.

இதன் முழு விளைவு 28 ஆண்டுகள் கழித்து, ஹட்ஸனுக்கு வெகு தெற்கே, தென் கரோலினா மாநிலத்தின் வட டைகர் ஆற்றின் வழக்கில் வெளிப்பட்டது. அங்கே லெய்ட்லா என்ற கம்பெனி நச்சுக் கழிவுகளை எரிக்கும் நிலையம் ஒன்றை நடத்தியது. 1987-க்கும் 1995-க்கும் இடையே 489 முறை, அனுமதித்த அளவுக்கு மேல் பாதரசத்தை ஆற்றில் விட்டது அந்நிலையம். வழக்குத் தொடுத்த சங்கங்களின் அங்கத்தினர் சிலர் பிரமாண வாக்குமூலம் அளித்தனர். ஒருவர் நிலையத்துக்கு அரை மைல் தொலைவில் குடியிருந்தவர். இளமையில் செய்தது போல அவ்வாற்றில் மீன் பிடிக்கவும் நீந்தவும் விரும்பியும், நச்சுக்கு அஞ்சி விலகியிருப்பதாகக் கூறினார். 2000-ஆம் ஆண்டில் தலைமை நீதிமன்றம், நியாயமான அச்சத்தால் ஆற்றை விட்டு விலகியிருப்பதே போதிய குறை என்று ஏற்றுச் சங்கங்களுக்கு வழக்காடும் தகுதி உண்டெனத் தீர்த்தது. அந்த வழக்கைத் தாங்கி நின்றது சங்கத்தின் பணப்பெட்டி மட்டுமன்று. அடுத்த வீட்டுக்காரரின் எளிய வார்த்தை.

மீண்டும் ஹட்ஸனுக்கு வருவோம். ஸ்டார்ம் கிங் போராட்டம் 17 ஆண்டுகள் நீண்டு, 1980 டிசம்பரில் உடன்படிக்கையில் முடிந்தது. கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. நதி ஆராய்ச்சிக்கென 1 கோடியே 20 லட்சம் டாலர் நிதியும் ஏற்பட்டது. ஆயினும் வெற்றியோடு துயரும் வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இரு ஆலைகள் 1947 முதல் 1977 வரை பி.சி.பி. என்ற இரசாயனத்தை ஆற்றில் விட்டிருந்தன. அதன் அளவு 13 லட்சம் பவுண்டு வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மீனின் கொழுப்பில் தங்கும் அந்நஞ்சு காரணமாக, 1976-இல் மேல் ஹட்ஸனில் மீன்பிடித்தல் தடை செய்யப்பட்டது. கீழாற்றில் வரிப் பாஸ் மீனை விலைக்குப் பிடிப்பதும் நின்றது. மீனுக்காகச் சங்கம் கண்டவர்கள் மீனையே இழந்தார்கள். எனினும் சங்கம் கலையவில்லை. 1983-இல் அது ஒரு முழுநேர நதிக்காவலரை நியமித்தது. கழுவிய கழிவை ஆற்றில் விட்டு, நன்னீரை ஏற்றிச் சென்ற எக்ஸான் கம்பெனியின் எண்ணெய்க் கப்பல்களை அவர் பின்தொடர்ந்து வெளிப்படுத்தினார். ஆற்றடியில் படிந்த நஞ்சை வாரும் வேலை 2009-இல் தொடங்கி 2015-இல்தான் முடிந்தது. தொடக்கத்தில் சந்தா கட்டிய பலர் அதைக் காண இருந்திருக்க மாட்டார்கள். ஒரு மனிதர் வாழ்நாளுக்குள் அடங்காத வேலைக்கு, அங்கத்தினர் மாறினும் நிலைத்து நிற்கும் சங்கம் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் சட்டத்தின் வாயில் இன்னும் அகலமானது. கங்கை மாசைப் பற்றி எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், அவர் ஆற்றங்கரை நிலத்துக்கு உடையவர் அல்லராயினும் கங்கைநீரைப் பயன்படுத்தும் மக்களின் உயிரைக் காக்க முறையிட உரிமையுடையவரே என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு அதே ஆண்டு வந்த திருத்தமும், 60 நாள் முன்னறிவிப்புடன் எவரும் குற்ற முறையீடு செய்ய வழி வகுத்தது. எவரும் வரலாம் என்பது பெரும் பேறே. ஆனால் எவரும் வரலாம் என்ற இடத்தில் ஒருவரும் வராதிருத்தலும் எளிது.

வாராணசியில் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. சங்கட மோசனக் கோயிலின் மகந்தாகவும், காசி இந்து சர்வகலாசாலையில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் விளங்கிய வீரபத்ர மிசிரர் 1982-இல் ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். 1986-இல் அரசாங்கத்தின் கங்கைத் திட்டம் வந்த பின்னரும் அந்நிலையம் ஓய்ந்துவிடவில்லை. 1993-இல் துளசி படித்துறையில் சோதனைக்கூடம் அமைத்து, ஆற்றுநீரை அள்ளி அளந்து எழுதி வந்தது. காலையில் கங்கையில் மூழ்கிப் பூசனை செய்யும் கையே கிருமியின் எண்ணிக்கையையும் குறித்தது. மிசிரர் 2013-இல் மறைந்தார்.

அங்கத்தினர் என்ற சொல்லுக்கு அங்கமாக இருப்பவர் என்பதே பொருள். உறுப்பினர் என்பதும் அதுவே. சந்தா செலுத்திப் பற்றுச்சீட்டைப் பேழையில் வைத்துவிடுவதோடு அப்பொருள் நிறைவுறாது. நம் ஊர் ஆற்றின் நிறம் மாறிய நாள் எது, மீன் செத்து மிதந்த நாள் எது, எந்தக் குழாயிலிருந்து எந்நேரத்தில் கழிவு வந்தது என்பதைக் குறித்து வைக்கும் அங்கத்தினர் நூறு பேர் ஒரு சங்கத்துக்கு இருப்பாராயின், எந்த நீதிமன்றமும் எந்த அலுவலகமும் அச்சங்கத்தை நோக்கி, நீங்கள் யார் என்று கேட்டுத் திருப்பி அனுப்புதல் அரிது. நம் ஊரில் அத்தகைய சங்கம் இருக்குமாயின் அதில் நாம் சேர்வோமாக. இல்லையாயின் நால்வர் கூடி அதைத் தொடங்குவோமாக.